மாப்ளே, நீ நடத்தறது பட்டறையா, பேங்கா?

உன்னாட்ட தாராள மனசுக்காரன் இந்தக் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டின்னு மூணு ஊரையும் சலிச்சாலும் கெடைக்க மாட்டான் மாப்ளே. பம்பு கம்பெனிக்காரருக்கு நாலு லச்ச ரூவாய வட்டியில்லாம, ஈடில்லாம, ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கேக்காமத் தூக்கிக் குடுத்துட்டு, வண்டிக்குப் பெட்ரோல் போட என்றகிட்ட வந்து எரநூறு ரூவா கேக்கற பாரு, அந்த மனசு எவனுக்கு வரும்? பேங்குக்காரன் கூட நாலு பவுன ஈடு வெச்சாத்தான் தலையத் தூக்கிப் பாக்கறான். பட்டறை வாசல்ல 'இஞ்சினியரிங் ஒர்க்ஸ்'னு எழுதியிருக்கறத அழிச்சுட்டு 'பேங்க்'னு எழுதீரு. பெயிண்ட்டுச் செலவு நான் தர்றன்.

சிரிக்காதே, கணக்கப் பாரு. ஷாஃப்ட் கடைஞ்சு குடுத்த. கரண்ட் பில்லு நீ கட்டுன. சனிக்கெழமையானா ஆளுகளுக்குச் சம்பளம் நீ குடுத்த. டூல் பிட்டு, ஆயிலு எல்லாம் உன்ற காசு. அதுவும் போதாதுன்னு பில்லுப் போட்ட மாசத்துக்கு அடுத்த மாசம் 20ம் தேதி ஜிஎஸ்டியும் நீயே கட்டீட்ட. கைக்கு வராத காசுக்கு வரி! நீ கட்டுன அந்த வரிய அங்க அவரு உள்ளீட்டு வரவுன்னு எடுத்துக் கழிச்சுக்கிட்டாரு. போன மாசம் அவங்க ஊருக் கோயில் கும்பாபிசேகத்துக்கு ரெண்டு லச்சம் குடுத்தாராம், கல்வெட்டுல பேரு வெட்டியிருக்குதாம். அது யாரு காசுன்னு நெனச்ச? சாமிக்குத் தெரியும் மாப்ளே. புண்ணியத்துல பாதி உன்ற கணக்குல வந்துரும். அதைக் கொண்டு போய் டூல் பிட்டுக் கடையில குடுத்துப் பாரு.

சரி, ஒண்ணு கேக்கறன். உன்ற பில்லு இப்ப எங்க இருக்குது?

"கம்பெனியில"ங்கற. கம்பெனின்னா அது என்ன உன்ற அங்கராக்குப் பாக்கெட்டா? கேட்டுல செக்யூரிட்டி உன்ற சலான்ல சீல் வெச்சான். ஸ்டோர்ஸ்ல இறக்குனாங்க. இன்ஸ்பெக்சன் பையன் வெர்னியர வெச்சு நாலு ஷாஃப்ட்ட அளந்துட்டு நாப்பதையும் அளந்த மாதிரி கையெழுத்துப் போட்டான். அப்பறம் இன்வர்டு நெம்பர் போட்டு பர்ச்சேசுக்குப் போச்சு. பர்ச்சேஸ்காரர் டிக் அடிச்சு அக்கவுண்ட்ஸுக்கு அனுப்போணும், அக்கவுண்ட்ஸ்ல இருந்து மொதலாளி டேபிளுக்குப் போகோணும். இதுல ஒரு எடத்துல அது படுத்துத் தூங்கீட்டு இருக்குது. நீ என்னடான்னா மொதலாளிக்குப் போன் போட்டு, "சார், பேமெண்ட்டு"ங்கற. அவரு அந்தப் பில்லக் கண்ணுலயே பாக்கல. அதனால நெஞ்சுல கைய வெச்சு, "பாத்துச் சொல்றன்"னு சொல்றாரு. அது பொய்யில்ல பாரு, பாத்தாச் சொல்லுவாரு.

நான் ஒரு நாள் அந்த அக்கவுண்ட்ஸ் ரூம்ல ஒக்காந்திருந்தன். செவுத்தோரமா பில்லுகளக் குத்தி வெக்கற கம்பி ஒண்ணு இருக்குது. மேல குத்துனதெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்குது. கரண்ட்டு, டெலிபோன், லாரி ஆபீசு, மொதலாளி மச்சான் கம்பெனி. அடியில இருக்கறது ஓரமெல்லாம் மஞ்சளாகி, மடங்கி, எண்ணெய்க் கறையோட கெடக்குது. எண்ணெய்க் கறைன்னா யாரு பில்லு? உங்களாட்ட ஆளுக பில்லுதான். அதுல ஒண்ண உருவிப் பாத்தன், பர்ச்சேஸ் ஆர்டர் நெம்பர் இல்ல. இன்னொண்ணுல சலான் நெம்பர் இல்ல. ஒண்ணுல தேதியே இல்ல. பில்ல வெறுங்கையோட தாட்டி வுட்டா அது எந்த வாசலுக்குள்ள போகும்? ஆர்டர் நெம்பர், சலான் நெம்பர், அவங்க இன்வர்டு நெம்பர், கட்ட வேண்டிய தேதி, உன்ற பேங்க் கணக்கு நெம்பர், இந்த அஞ்சும் இல்லாத பில்லு பில்லே இல்ல, சும்மா நலம் விசாரிச்சு எழுதுன லெட்டரு.

இனி அவங்க சொல்ற சாக்குகளுக்கு வருவோம். அதுல எனக்கு நெம்பப் புடிச்சது சாஃப்ட்வேர் மாத்தறது. எங்காலத்துல மொதலாளி திருப்பதி போயிருப்பாரு. இப்ப சாஃப்ட்வேர் மாத்தறாங்க. வருசம் முழுக்க மாத்திக்கிட்டே இருக்கறாங்க. அந்தச் சாஃப்ட்வேர்ல சம்பளம் ஏறுது, கரண்ட்டு பில்லு ஏறுது, உன்ற பில்லு மட்டும் ஏற மாட்டேங்குது. ஆடிட்டிங் நடக்குதுன்னும் சொல்லுவாங்க. ஆடிட்டிங் நடந்தா உனக்கு நல்லதுதான், ஏன்னு பின்னால சொல்றன்.

இதுல ஒண்ணு மட்டும் சாக்கு இல்ல, சூது. நீ மூணு மாசம் பொட்டாட்ட இருந்துட்டுக் காசு கேக்கறப்பத்தான், "ஏங்க, உங்க ஷாஃப்ட்டுல பன்னெண்டு ஓவர் சைசு, டெபிட் நோட் போடறோம்"பாங்க. தொண்ணூறு நாளா சைசா இருந்த ஷாஃப்ட்டு நீ காசு கேட்டதும் பெருத்துப் போச்சு! இதுக்கு நீ தலையச் சொறிய வேண்டியதில்ல. 2006ம் வருசம் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்துலயே இருக்குது: சரக்கு எறக்குன நாள்ல இருந்து 15 நாளைக்குள்ள குத்தம் சொல்லி எழுத்துல குடுக்கலைன்னா, எறக்குன அன்னைக்கே ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அதனால பதினாறாம் நாள் ஒரு வாட்சப்பு, ஒரு மெயிலு போட்டு வையி: "சார், நம்ம ஷாஃப்ட் எல்லாம் நல்லபடியா ஓடுதுங்களா?" அன்பா விசாரிக்கற மாதிரி. "சூப்பருங்க"ன்னு ஒத்த வார்த்தை திருப்பி வந்தாப் போதும். அதைப் பத்திரமா எடுத்து வெச்சுக்க. டெபிட் நோட்டு வர்றப்ப அந்த சூப்பரத் தூக்கி முன்னால வையி.

அந்தச் சட்டம் இன்னும் என்ன சொல்லுதுன்னா, உனக்கும் அவருக்கும் எழுத்துல தவணை இல்லைன்னா, ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து 15 நாளைக்குள்ள காசு வந்தாகோணும். எழுத்துல இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக் கூடாது. 90 நாள், 120 நாள்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தாலும் சட்டத்துக்குக் கணக்கு 45தான். தாண்டுனா, ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு வட்டி. அதுவும் மாசா மாசம் வட்டிக்கு வட்டி ஏறற கணக்கு. ரேட்டு 6ன்னே வெச்சுக்க, மூணு மடங்கு 18. உன்ற நாலு லச்சத்துக்கு மொத மாசம் ஆறாயிரம், அடுத்த மாசம் அந்த ஆறாயிரத்துக்கும் சேத்து வட்டி. அப்படிக் குடுக்கற வட்டிய அவரு வருமான வரியில செலவுன்னு கழிக்கவும் முடியாது.

உடனே மீசைய முறுக்கீட்டு வட்டி கேட்டு நோட்டீசு உட்டுறாதே மசையா. மாசா மாசம் ஸ்டேட்மெண்ட் அனுப்பு. பாக்கி இவ்வளவு, அதுக்குக் கீழ ஒரு வரி: "2006ம் வருடச் சட்டப்படி இன்று வரை வட்டி ரூ. 6,000. நமது நல்லுறவைக் கருதி இப்போதைக்குக் கேட்கவில்லை." அந்த 'இப்போதைக்கு'ங்கறத மட்டும் கொஞ்சம் தடிச்ச எழுத்துல போடச் சொல்லு. அடுத்த மாசம் அந்த எடத்துல பெரிய தொகை வரும். நீ கேக்கவே இல்ல பாரு, நல்ல புள்ளை. ஆனா அங்க படிக்கறவன் நாலு வாட்டி படிப்பான்.

இதுக்கெல்லாம் ஒரே ஒரு சீட்டு வேணும், உத்யம் பதிவு. ஆதார், பான், ஜிஎஸ்டி நெம்பர் இருந்தாப் போதும், கம்ப்யூட்டர்ல ஒரு மணி நேர வேலை, காலணா செலவில்ல. அதுக்கு ரெண்டாயிரம் வாங்கறவன் தெருவுக்கு ஒருத்தன் ஒக்காந்திருக்கறான், அவன்கிட்டப் போயிறாதே. சண்டை வந்ததுக்கப்பறம் பதிஞ்சுட்டுப் போய், பழைய பாக்கிக்கும் செல்லும்னு நின்னா ஆகாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு. சரக்கு குடுக்கறதுக்கு முன்னாலயே சீட்டு கையில இருக்கோணும், பில்லுத் தலைப்புல அந்த நெம்பரு இருக்கோணும்.

ஆடிட்டிங் நடந்தா நல்லதுன்னனே, இப்பக் கேளு. 2023 பட்ஜெட்டுல வருமான வரிச் சட்டத்துல ஒரு வரி சேத்தாங்க, ஆடிட்டருங்க 43பி எச்சும்பாங்க. உன்னாட்ட குறு, சிறு தொழில்காரனுக்குச் சட்டம் சொன்ன நாளுக்குள்ள காசு குடுக்காம வெச்சிருந்தா, மார்ச் 31 அன்னைக்கு நிக்கற அந்தப் பாக்கிய அந்த வருசச் செலவாக் காட்ட முடியாது. உனக்குக் குடுக்காத நாலு லச்சத்த லாபம்னு கணக்கு வெச்சு அவரு வரி கட்டோணும். குடுக்கற வருசத்துலதான் கழிச்சுக்கலாம். 2024 மார்ச்சுல கணக்கு முடிக்கறப்ப மொத வாட்டியா வலிச்சுது. அப்ப சில எடத்துல, "உத்யத்த ரத்து பண்ணீட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்"னு கேட்டாங்க மாப்ளே. ஒரு காயிதத்துக்கு அத்தனை பயம்னா அது காயிதமா?

அதனால மார்ச்சுல மொதலாளியப் பாக்கப் போகாதே. ரெண்டாவது வாரத்துல அவங்க அக்கவுண்ட்ஸ் மேனேசருக்கு உத்யம் சீட்டு நகல், பாக்கி லிஸ்டு, தேதி வாரியா, ஒரு மெயிலு. நகல ஆடிட்டருக்கும் போடச் சொல்லிக் கேட்டுக்க: "சாருங்க, கணக்கு முடிக்கறப்ப உங்களுக்கு உபயோகமா இருக்கும்னுட்டு அனுப்பறனுங்க." அப்படியே வெகுளியா இன்னொரு கேள்வி: "180 நாளு தாண்டுன பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி வரவத் திருப்பிக் கட்டோணுமாமே, கட்டீட்டீங்களா சார்? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு." கம்பெனின்னு பதிஞ்ச ஆளா இருந்தா, 45 நாளு தாண்டுன பாக்கிய வருசத்துக்கு ரெண்டு வாட்டி கவர்மெண்டுக்குப் பாரத்துல எழுதிக் குடுக்கற சோலியும் இருக்குது. மொதலாளிக்கு உன்னைப் பாத்தாப் பயமில்ல, உண்மைதான். ஆடிட்டரப் பாத்தா பயம். நீ யாருக்குப் பின்னால நின்னு கேக்கறங்கறதுதான் சூட்சுமம்.

உன்ற கையில இன்னொண்ணு இருந்துச்சு, அதை நீயே தூக்கிக் குடுத்துட்ட. 1872ம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்துல ஒரு தையக்காரர் வர்றாரு. ஒருத்தர் துணியக் குடுத்துக் கோட்டு தைக்கச் சொல்றாரு. இவரு, "மூணு மாசம் கழிச்சுக் காசு குடுங்க"ன்னு வாக்குக் குடுத்துட்டாரு. இப்பக் கோட்டப் புடிச்சு வெச்சுக்கிட்டு, "காசு வந்தாத்தான் கோட்டு"ன்னு சொல்ல முடியுமா? முடியாதுங்குது சட்டம். அதே எடத்துல ஒருத்தர் வைரத்தப் பட்டை தீட்டக் குடுக்கறாரு, தீட்டறவரு கடன் சொல்லல. அவரு கூலி வர்ற வரைக்கும் கல்லக் கையில வெச்சுக்கலாம். நீயும் அவங்க ராடு வாங்கி உன்ற ஒழைப்பப் போட்டுக் கடைஞ்சு குடுக்கற ஆளுதான். வைரக்காரரா இருந்திருக்கலாம். நீ பில்லு அடியில '60 நாள் கிரெடிட்'னு அழகா அச்சடிச்சு வெச்சுத் தையக்காரராப் போயிட்ட. இனிப் புது ஆளு வந்தா அந்த வரிய எடுத்துரு. ஆனா ஒண்ணு, எந்தச் சரக்குல வேலை செஞ்சயோ அந்தச் சரக்கத்தான் அந்தக் கூலிக்குப் புடிக்கலாம். போன வருசத்துப் பாக்கிக்கு இந்த வருசத்து ஷாஃப்ட்டப் புடிச்சு வெச்சா அது சட்டமில்ல, வம்பு.

பழைய பாக்கிக்காரருக்கு வேற மருந்து. பம்புக்கு எப்ப யாவாரம்? வேசகாலத்துல. கெணத்துல தண்ணி கீழ போனாத்தான் விவசாயிக்கு பம்பு நெனப்பு வரும். அப்பக் கம்பெனிக்கு எப்ப ஷாஃப்ட் அவசரம்? தை, மாசியில. ஐப்பசி மழையில போய்க் காசு கேட்டா அவருக்கு உன்ற பேரே மறந்திருக்கும். தையில ஆர்டரோட ஆளு உன்ற வாசல்ல நிப்பான். அப்பச் சொல்லு: "செய்யறனுங்க சார், ராத்திரி ஷிப்ட்டு போட்டுக் கூடச் செய்யறன். டூல் வாங்கக் கையில காசில்லீங்க, பழையதுல பாதி வந்துச்சுன்னா நாளைக்கே மெசின்ல ஏத்தீரலாம்." முடியாதுன்னு நீ சொல்லல. மெசின்தான் சொல்லுது.

"அப்படிக் கேட்டா அடுத்த ஆர்டர் குடுக்க மாட்டாங்களே மாமா"ங்கற. இதைச் சொல்றப்ப உன்ற மூஞ்சியப் பாக்கோணுமே! காசு குடுக்காத ஆர்டர் போச்சுன்னா நட்டம் யாருக்கு? அவருக்கு மறுபடியும் வட்டியில்லாக் கடன் குடுக்க ஆளு தேடற செரமம். உனக்கு ராத்திரித் தூக்கம். பட்டறைச் சோலியில முக்காவாசி ஒரே கம்பெனிக்குப் போனா அவரு உனக்கு வாடிக்கைக்காரர் இல்ல, மொதலாளி. அப்படின்னா சம்பளமும் பி.எப்பும் கேளு, தீபாவளிக்கு போனசும் கேளு. அதுவும் கெடையாது, இதுவும் கெடையாதுன்னா நாலு பக்கமும் சின்னச் சின்ன ஆளாப் புடி. கம்மியாத்தான் வரும், ஆனா வரும்.

செக்கு குடுத்தா வாங்கிக்க, வேண்டாங்காதே. தேதியில இருந்து மூணு மாசந்தான் அதுக்கு உசுரு, அட்டாரியில வெச்சு அழகு பாக்காதே. திரும்பி வந்துச்சுன்னா பேங்க் சொன்ன நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீசு. அது கைக்குப் போனதும் அவருக்கு 15 நாளு. அதுலயும் வரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டு. இதுல ஒரு நாளத் தவற விட்டாலும் கேசு தகராறாப் போயிரும், அதனால வக்கீல மொத நாளே பாத்துரு.

அப்பறம் இந்த மூணு வருசக் கணக்கு. பாக்கிய மூணு வருசத்துக்குள்ள கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலைன்னா காலம் கடந்துரும். நீ நூறு லெட்டர் போட்டு நெனப்பூட்டுனாலும் காலம் நீளாது. ஆனா அந்தக் காலத்துக்குள்ள அவரு, "ஆமா, இவ்வளவு பாக்கி"ன்னு கையெழுத்துப் போட்டாலோ, கொஞ்சம் காசு குடுத்து அது எழுத்துல இருந்தாலோ அன்னையில இருந்து புதுசா மூணு வருசம். அதனால வருசா வருசம் ஏப்ரல்ல பாக்கிச் சீட்ட அனுப்பி, "கணக்கு டேலி ஆகுதான்னு பாத்துக் கையெழுத்துப் போட்டு ஒரு சீல் வெச்சுக் குடுங்க சார்"னு கேளு. சீல் வெக்கறதுக்குக் காசு செலவில்ல பாரு, சந்தோசமா வெச்சுக் குடுப்பாங்க.

எதுக்கும் மசியலைன்னா அதே 2006ம் வருசச் சட்டத்துல சொன்ன கவுன்சில் இருக்குது, கோயமுத்தூர்லயே ஒண்ணு இருக்குது. கம்ப்யூட்டர்ல பதிஞ்சா மொதல்ல கூப்புட்டு ரெண்டு பேரையும் பேச வெப்பாங்க, பேச்சுல முடியலைன்னா அவங்களே தீர்ப்பு. 90 நாள்ல முடியோணும்னு ஏட்டுல எழுதியிருக்குது. ஏட்ட நான் குறை சொல்லல, அதை எழுதுனவரு பட்டறை வெச்சிருக்கல, அவ்வளவுதான். ஆனா தீர்ப்பு வந்துட்டா அதுல ஒரு முள்ளு இருக்குது: அதை எதுத்துக் கோர்ட்டுக்குப் போகோணும்னா அவரு 75 சதவீதத்தக் கட்டீட்டுத்தான் போகோணும். இந்தச் சேதி தெரிஞ்ச மொதலாளி கவுன்சில்ல இருந்து மொத ஓலை வந்ததுமே கூப்புட்டுப் பேசுவாரு. தெரியாதவருக்கு அவரு வக்கீல் சொல்லிக் குடுப்பாரு, அதுக்கு ஃபீசும் வாங்கிக்குவாரு. கம்பெனி வாசல்ல நின்னு சத்தம் போடறது, ஆள வெச்சு மெரட்டறது, அந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் போயிறாதே. பஞ்சாயத்துக்காரனுக்குப் பாதி, போலீசுக்குக் கால்வாசி, மிச்சம் உனக்கு, அதுவும் தவணையில.

பெரிய கம்பெனிகளுக்கு வேலை செஞ்சா ட்ரெட்ஸ்னு ஒரு ஏற்பாடு இருக்குது. அவங்க பில்ல ஏத்துக்கிட்டா பேங்குக்காரன் கொஞ்சம் கழிச்சுக்கிட்டு உனக்கு முன்னாலயே குடுத்துருவான், நாளானதும் கம்பெனிகிட்ட வாங்கிக்குவான். உன்ற நாலு பம்புக்காரர்ல அதுக்குள்ள வர்ற அளவு யாரும் இல்ல, அதை வுடு.

இன்னொரு சேதி. நேத்து டூல் பிட்டுக் கடைக்காரர் என்னைப் பாத்து, "ஏனுங், உங்க மாப்ளைக்குச் சாஃப்ட்வேர் ஏதாச்சும் மாத்தறாங்களா?"ன்னு கேட்டாரு. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு தெரியல. பாத்து இருந்துக்க.

கடைசியா, கேக்கற வேலைய நீ பாக்காதே. உனக்கு வராது. நீ போன் எடுத்தாலே, "சார், தொந்தரவு பண்றனுங்களா?"ன்னு ஆரம்பிக்கற. அதுக்கு அவரு, "ஆமா"ங்கறாரு. என்ற மக பி.காம் படிச்சவ, உன்ற கணக்க அவதான டேலியில போடறா? அவ கேக்கட்டும். செவ்வாய்க்கெழமை வெடியால பதினோரு மணி, வாராவாரம், அதே நேரம். கோவமில்லாம, கொஞ்சலில்லாம, "சார், 218ம் நெம்பர் பில்லு, இன்வர்டு நெம்பர் 96, 45 நாளு போன வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுதுங்க. எந்தத் தேதிக்குக் குடுக்கறீங்கன்னு எழுதிக்கட்டுங்களா?" அவ்வளவுதான். கேட்டுட்டுப் பேசாம இருக்கோணும். அந்தப் பக்கம் அவரு சங்கடப்பட்டு ஒரு தேதி சொல்லுவாரு. சொன்னதும் அதையே ஒரு மெயிலாப் போட்டுரோணும், "இன்று போனில் நீங்கள் சொன்னபடி"ன்னு. மாமன் சொல்றதுன்னா உனக்கு எளக்காரம், ஊட்டுக்காரி சொன்னா நீயே கேப்பயில்ல? அவரும் கேப்பாரு.

நேர்ல போற சோலி இருந்தா மட்டும் நீ போ. சாப்புட்டுட்டுப் போ, இல்லைன்னா பசியில, "சரிங்க சார், பாத்துக் குடுங்க"ன்னு எந்திரிச்சு வந்துருவ. உள்ள போனதும் டீ குடுப்பாங்க, குடி. ரெண்டாவதும் டீ வந்துச்சுன்னா இன்னைக்குச் செக்கு இல்லைன்னு அர்த்தம். கோவிச்சுக்காம அதையும் குடிச்சுட்டு வா. அந்தக் கம்பெனியில இருந்து கடன் வெக்காம உன்ற கைக்கு வந்தது அது ஒண்ணுதான்.